கோத்தகிரியில் பத்திரிகைப் படப்பிடிப்பு: உள்ளூர் உதவியாளர் எப்படித் தயாராக வேண்டும்?

மலைமுகடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் இருந்து எழுதுகிறேன். திருமணங்களையும் ஊர்த் திருவிழாக்களையும் படம் எடுத்துத் தருவதே இதுவரை என் தொழில். சென்னையில் இருந்து வெளிவரும் மாத இதழ் ஒன்று தன்னுடைய மார்ச் மாதச் சிறப்பிதழில், தோடர் பூத்தையல் சால்வைகளை மையமாக வைத்துப் பன்னிரண்டு பக்கப் படக்கட்டுரை ஒன்றை வெளியிடத் திட்டமிட்டிருக்கிறது. மார்கழித் தொடக்கத்தில் இரண்டு நாட்கள் நடக்கவிருக்கும் அந்தப் படப்பிடிப்புக்கு உள்ளூர் உதவியாளராக வர முடியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். புகைப்படக் கலைஞர், அவருடைய முதல் உதவியாளர், ஆர்ட் டைரக்டர், ஸ்டைலிஸ்ட், ஒப்பனைக் கலைஞர், இரண்டு மாடல்கள் ஆகியோர் சென்னையில் இருந்து வருகிறார்கள். இடம் காட்டுவது, விளக்குகளைச் சுமப்பது, ஊர் மக்களிடம் பேசுவது ஆகியவை என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.

திருமண வீட்டில் நிகழ்ச்சி அதன் போக்கில் நடக்கும். அதைத் தவறவிடாமல் பிடிப்பதே நம் வேலை. இத்தகைய படப்பிடிப்பில் ஒவ்வொன்றையும் நாமே உருவாக்க வேண்டியிருக்கிறது என்பதால், திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது, எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அவர்கள் அனுப்பிய திட்டத்தில் முதல் நாளுக்கு மட்டும் ஐந்து இடங்கள் உள்ளன: கோடநாடு காட்சிமுனை, ஒரு தேயிலைத் தோட்டம், கேத்தரின் அருவி தெரியும் மேடு, ஒரு தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு), மாலையில் குன்னூர் ரயில் நிலையம். இது நடக்கக்கூடியதா? மூடுபனி இறங்கினால் என்ன செய்வது? எந்தெந்த அனுமதிகளை முன்பே வாங்க வேண்டும்? படப்பிடிப்பு நடக்கும் விதத்தை நான் தனியாகப் படம் எடுத்து என் பக்கத்தில் வெளியிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

குன்னூர்ப் பயணி எழுதியது:

வாழ்த்துகள், சகோதரி. வெளியூர்களில் இருந்து நீலகிரிக்கு வரும் படப்பிடிப்புக் குழுக்களுக்கு ஏற்பாடுகளைச் செய்து கொடுக்கும் வேலையில் நீண்ட காலமாக இருக்கிறேன் என்பதால், உங்கள் கேள்விகளில் திட்டம் பற்றியதற்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாளில் ஐந்து இடங்கள் நடக்காது. சென்னையில் வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிடுபவர்களுக்குக் கோத்தகிரியில் இருந்து கோடநாடு ஏறக்குறைய 18 கிலோமீட்டர், குன்னூர் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் என்ற கணக்கு மட்டும்தான் தெரியும். வளைவுகள், எதிரே வரும் பேருந்துக்காக ஒதுங்கி நிற்கும் நேரம், இறங்கியதும் மாடலுக்கு ஏற்படும் தலைச்சுற்றல், பெட்டிகளை வண்டியில் இருந்து சரிவுக்குத் தூக்கிச் செல்லும் நேரம் ஆகியவை அந்தக் கணக்கில் வருவதில்லை. ஓர் இடத்தில் உடை மாற்றி, ஒப்பனையைச் சரிசெய்து, விளக்கை நிறுத்தி, சோதனைப் படம் பார்த்து, உண்மையான படத்தை எடுத்து முடிப்பதற்கு இரண்டு மணி நேரம் சாதாரணமாக ஆகும். எனவே ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள், மிஞ்சிப்போனால் மூன்று என்று வைத்துக்கொள்ளும்படி இப்போதே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை. உள்ளூர் ஆள் ஒருவரை அவர்கள் அழைப்பதற்கே காரணம் இத்தகைய தகவல்தான்.

இடங்களின் வரிசையை வானம் தீர்மானிக்க வேண்டும். கோத்தகிரியும் குன்னூரும் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஜூன் முதல் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை விட, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்கே அதிகம் பாதிப்பை ஏற்படுத்துகிறது. மார்கழித் தொடக்கத்திலும் அதன் கடைசி மழை இருக்கலாம். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வண்டிகள் வேறு பாதையில் சுற்றி வர நேரிடும். மழை இல்லாத நாட்களில் காலைப் பொழுது தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சமவெளியின் ஈரக்காற்று சரிவு வழியாக மேலேறி, நண்பகலுக்குப் பிறகு மூடுபனியாகத் திரளும். ஆகவே தொலைவுக் காட்சி தேவைப்படும் கோடநாட்டை முதலில் வையுங்கள். மோயாறு பள்ளத்தாக்கையும் ரங்கசாமி சிகரத்தையும் காட்டும் அந்த முனையில் காலை வெளிச்சம் நன்றாகக் கிடைக்கும். பிற்பகலுக்கு முகமும் துணியும் மட்டுமே முக்கியமாக உள்ள படங்களை ஒதுக்குங்கள். மழை வலுத்தால் ஒதுங்கிக்கொண்டே வேலையைத் தொடர்வதற்கு, பெரிய சன்னல்களும் நீளமான தாழ்வாரமும் உள்ள ஒரு பழைய பங்களாவை அருகிலேயே பேசி வைத்திருங்கள். மாற்று இடம் இல்லாத திட்டத்தை இந்த மாதத்தில் ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அனுமதிகளைப் பொறுத்தவரை, ஒவ்வோர் இடமும் வனத்துறையிடம் இருக்கிறதா, வருவாய்த்துறை நிலமா, தனியார் தோட்டமா என்பதை முதலில் தெரிந்துகொண்டு, எழுத்து வடிவில் அனுமதி பெறச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த சம்மதம், அன்று காலை வேறொரு காவலர் பணியில் இருந்தால் செல்லாது. ரயில் நிலையத்தில் விளக்கு நிறுத்தி எடுப்பதற்குத் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது ஓரிரு நாளில் முடியும் வேலை அல்ல. ரயிலைப் பற்றி ஆர்ட் டைரக்டரிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். பல் சக்கரத் தண்டவாளம் உள்ள மேட்டுப்பாளையம் பகுதியில் இருந்து மலையேறி வரும் வண்டியில் நீராவி எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். புகை கக்கும் எஞ்சின் முகப்பு மாடலுக்குப் பின்னால் வர வேண்டும் என்று அவர்கள் மனத்தில் ஒரு படம் வைத்திருந்தால், எந்தத் திசையில் செல்லும் வண்டி, கேமரா எந்தப் பக்கம் என்பதை முன்பே முடிவுசெய்ய வேண்டும். குன்னூருக்கு மேல் உதகை வரை பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான் செல்கிறது.

வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) கட்டாயமாகியிருக்கிறது. குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கைபேசியில் பதிவுசெய்ய முயன்றால் காலை வெளிச்சம் போய்விடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால், எவர்சில்வர் குடுவைகளையும் பெரிய தண்ணீர்க் கேன்களையும் ஏற்பாடு செய்வது உங்கள் வேலையாகவே வந்து சேரும். ட்ரோன் கொண்டுவருவதாகச் சொன்னால், குன்னூர்ப் பக்கத்தில் வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதையும், காட்டின் மேல் பறக்கவிட வனத்துறை அனுமதி தேவை என்பதையும் முதல் பேச்சிலேயே தெரிவித்துவிடுங்கள்.

விடியுமுன் தோட்டத்துக்குள் நடக்க வேண்டியிருந்தால், அந்தத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரை முன்னால் நடக்கச் சொல்லுங்கள். காட்டெருமைகளும் கரடிகளும் இரவில் எந்தப் பாத்தியில் நின்றன என்பது அவருக்குத்தான் தெரியும். விளக்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நடப்பவர், பத்தடி தூரத்தில் நிற்கும் காட்டெருமையைக் கவனிக்க மாட்டார்.

வெள்ளி ஓக் எழுதியது:

குன்னூர்ப் பயணி ஐயா சொன்ன வரிசையை நான் முழுமையாக ஏற்கிறேன். நான் கொடைக்கானலில் இருந்து வேலை செய்யும் புகைப்படக்காரன். பழனி மலையிலும் பிற்பகல் மூடுபனி இப்படியே வருகிறது என்பதால் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மூடுபனி வந்ததும் பலர் கேமராவைப் பையில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் மனித முகத்தை எடுப்பதற்கு அதைவிட மென்மையான வெளிச்சம் கிடைப்பது அரிது. ஆனால் அந்த வெளிச்சம் எல்லாத் திசைகளில் இருந்தும் சமமாக வருவதால் முகம் தட்டையாகிவிடும் என்ற சிக்கல் இருக்கிறது. அங்கே ஒளியைத் திருப்பும் வெள்ளை ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் பெரிய பயன் இல்லை. அதற்கு மாறாக, முகத்தின் ஒரு பக்கத்தில் கறுப்புத் துணியையோ கறுப்பு வண்ணம் பூசிய தெர்மாகோல் பலகையையோ சட்டகத்துக்குச் சற்று வெளியே நிறுத்தினால், அந்தப் பக்கத்து வெளிச்சம் குறைந்து, கன்னத்துக்கும் தாடைக்கும் வடிவம் கிடைக்கும். படம் எடுப்பவர் கேட்கும் முன்பே அந்தக் கறுப்புத் துணி உங்கள் கையில் இருந்தால், நீங்கள் வேலை தெரிந்தவர் என்று முதல் மணி நேரத்திலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

மூடுபனியில் ஃப்ளாஷ் பயன்படுத்தினால், கேமராவுக்குப் பக்கத்தில் இருந்து கிளம்பும் ஒளி நடுவில் உள்ள நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும். விளக்கைப் பக்கவாட்டில், மாடலுக்கு இயன்ற அளவு நெருக்கமாக வைக்க வேண்டும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்ற விதியை இங்கே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். நெருங்கிய விளக்கு மாடலை மட்டும் ஒளிரச் செய்யும், பின்னால் உள்ள பனி அதன் இயல்பான சாம்பல் நிறத்திலேயே இருக்கும். ஃப்ளாஷின் நிறம் ஏறக்குறைய 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு). மேகமும் பனியும் மூடிய வெளிச்சம் அதைவிட நீலமாக, 6500 கெல்வினுக்கு மேலும் போகும். இரண்டும் கலக்கும்போது தோல் ஒரு நிறமாகவும் பின்னணி ஒரு நிறமாகவும் தெரியும் என்பதால், வெளிச்சம் மாறும் ஒவ்வொரு முறையும், நிறத்தைப் பிறகு சரிசெய்வதற்காகச் சாம்பல் அட்டையை மாடலின் முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அட்டையைப் பிடிப்பது உதவியாளரின் வேலை. நினைவூட்ட வேண்டியதும் அவரே.

தேயிலைத் தோட்டத்தில் வெயில் அடித்தால் வேறொரு தொல்லை வரும். இடுப்பளவு உயரத்துக்கு விரிந்திருக்கும் பச்சை, ஒளியை மேல்நோக்கித் திருப்பி, மோவாய்க்கும் கழுத்துக்கும் பச்சை நிழலைப் பூசிவிடும். வெள்ளைச் சால்வையில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். சட்டகத்துக்குக் கீழே, செடிகளின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் போதும். இலையின் பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டி போடுவார்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியை விழுங்கும் என்பதால் விளக்கின் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

தோடர் பூத்தையலைப் படம் எடுப்பதில் நான் மிகுந்த அக்கறை கொண்டவன். வெள்ளைப் பருத்தித் துணியில், வரைபடம் எதுவும் போடாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூல்களால் தோடர் பெண்கள் தைக்கும் வேலை அது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு தையலும் தெரியாவிட்டால் அந்தக் கட்டுரைக்கே பொருள் இல்லை. பனி நிறைந்த சட்டகத்தில் கேமராவின் ஒளியளவி எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால் ஒரு ஸ்டாப் வரை கூட்டுவது வழக்கம். ஆனால் கூட்டியதும் சால்வையின் வெள்ளையில் இழைகள் கரைந்துபோகின்றனவா, சிவப்பு நூல் ஒரே திட்டாக மாறுகிறதா என்பதை ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பைத் தனியாகப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நெருக்கமான நெசவு என்பதால் சில தூரங்களில் துணியின் மேல் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். கேமராவைச் சற்று நகர்த்தினாலோ கோணத்தை மாற்றினாலோ அவை மறைந்துவிடும். இதைக் கேமராவின் சிறிய திரையில் கண்டுபிடிப்பது கடினம். கேபிள் மூலம் மடிக்கணினியை இணைத்து எடுப்பதன் முக்கியப் பயன்களில் இதுவும் ஒன்று. அந்தக் கேபிளில் யாரும் கால் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் குளிர்ந்த வண்டியில் இருந்த லென்ஸை, அடுப்பு எரியும் அறைக்குள் திறந்தால் முழுவதும் வேர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரமாவது அறையில் வைத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பேட்டரிகளைக் குளிரில் வெளியே வைக்காமல் சட்டைப் பைகளில் வைத்திருப்பது நல்லது.

தோட்டப் படங்களைப் பற்றி ஒரு யோசனையும் உண்டு. பின்னணியில் கொழுந்து பறிப்பவர்கள் வரும் காட்சி இருந்தால், முதுகில் மூங்கில் கூடையுடன் நான்கைந்து பேரைப் பாத்திகளில் வளைகோடாக நிற்க வைத்தால் கண் அந்தக் கோட்டின் வழியே மாடலிடம் வந்து சேரும்.

தேயிலைக்கொழுந்து எழுதியது:

வெள்ளி ஓக் அவர்களின் வெளிச்சப் பாடம் சிறப்பாக இருந்தது. ஆனால் கடைசி யோசனையை மட்டும் நான் மறுக்கிறேன். எங்களுடையது சிறு தேயிலை விவசாயக் குடும்பம். இன்று எங்கள் பகுதியில் பெரும்பாலும் கத்தரியால்தான் பறிக்கிறார்கள். இலையைச் சாக்கிலும் வலைப்பையிலும் சேர்க்கிறார்கள். முதுகுக் கூடை என்பது பழைய தேயிலைப் பொட்டல அட்டையில் மிஞ்சிய காட்சி. எங்கள் பெண்கள் மழைக்காக இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாள், ரப்பர் காலணி, தலையில் சுற்றிய கம்பளித் துணி ஆகியவற்றை அகற்றச் சொல்லிவிட்டு, வாடகைக்கு எடுத்த கூடையை மாட்டிவிடும் படம், பார்ப்பவருக்கு எங்களைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்கிறது.

அதோடு, இலையின் எடையைப் பொறுத்துக் கூலி பெறுபவர் படத்துக்காக ஒரு மணி நேரம் நின்றால் அந்த நேரத்து இலை அவருக்கு நட்டம். மேஸ்திரியிடம் மட்டும் பேசி முடித்துவிடாமல், நிற்பவர் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு, அவர் இழக்கும் கூலிக்கு மேல் கணிசமான தொகையை அன்றே அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மாடலுக்குச் சம்பளம், எங்களுக்குப் பிஸ்கட் பாக்கெட் என்பது நியாயம் ஆகாது.

கண்ணாடிமுன் எழுதியது:

நான் ஒப்பனைக் கலைஞர். மார்ச் இதழ் என்பதால் மாடல்களுக்கு மெல்லிய பருத்தி உடைகளே இருக்கும். படம் எடுப்பதோ மார்கழிக் குளிரில். பத்து நிமிடம் அந்தக் காற்றில் நின்றாலே கைகளில் மயிர் சிலிர்த்து, உதடு வறண்டு, மூக்கு நுனி சிவந்துவிடும். இதைக் கணினியில் சரிசெய்வதை விட, வெந்நீர்ப் பைகள், தடித்த கம்பளிகள், ஒரு குடுவை சுக்குக் காபி ஆகியவற்றைச் சட்டகத்துக்கு இரண்டடி வெளியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சில படங்களுக்கும் இடையில் மாடலைப் போர்த்துவது எளிது. பாறைமேல் ஒப்பனை செய்ய முடியாது. சன்னல் வெளிச்சம் உள்ள ஓர் அறையும், உள்ளே தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் இடமும், கழிப்பறையும் எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதைத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். அழகான இடங்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் கழிப்பறையை மறந்துவிடுகிறார்கள். அதன் விளைவைக் குழுவில் உள்ள பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அனுபவிக்கிறார்கள். ஈரப் புல்லில் நிற்க வேண்டியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிகளுக்காக ஒரு பொட்டலம் உப்பும் கையில் இருக்கட்டும்.

பழைய அச்சகம் எழுதியது:

நான் பத்திரிகைகளில் பக்க வடிவமைப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் குழுவில் ஆர்ட் டைரக்டர் எதற்காக மடிக்கணினியின் அருகிலேயே நிற்கிறார் என்பது விளங்கினால், படப்பிடிப்பின் பாதி வேலை விளங்கிவிடும் என்பதால் அதையே சொல்கிறேன்.

அவர் அழகான படத்தை மட்டும் தேடவில்லை, பன்னிரண்டு பக்கங்களையும் மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறார். தொடக்கத்தில் இரண்டு பக்கங்களை நிறைக்கும் அகலப் படம் ஒன்று வேண்டும். அதில் மாடலின் முகம் நடுமடிப்பில் விழக்கூடாது. தலைப்புக்காக ஒரு பக்கத்தில் பனியோ வானமோ வெறுமையாக இருக்க வேண்டும். அதற்கு அடுத்த பக்கங்களில் நிற்கும் படம், அருகில் எடுத்த தையல், கைகள், சால்வை தைப்பவரின் முகம் என்று தொலைவும் நெருக்கமும் மாறி மாறி வர வேண்டும். இடப்பக்கத்தில் வரும் மாடல் வெளிப்புறம் பார்த்தால் வாசகரின் கண்ணும் இதழை விட்டு வெளியே போய்விடும். எனவே ஒரே நிலையில் வலம் பார்த்தும் இடம் பார்த்தும் எடுக்கச் சொல்வார். அட்டைக்கு வாய்ப்புள்ள படம் என்றால், தலைக்கு மேல் இதழின் பெயருக்கு இடம் விடச் சொல்வார். நல்ல படம் கிடைத்த பிறகும் ஏன் மீண்டும் மீண்டும் எடுக்கிறார்கள் என்ற எரிச்சல் உதவியாளர்களுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் இதுதான்.

விரித்த இரு பக்கங்கள் 42 சென்டிமீட்டர் அகலமும் 28 சென்டிமீட்டர் உயரமும் என்று வைத்துக்கொண்டால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் ஏறக்குறைய 4960க்கு 3300 பிக்சல்கள் தேவைப்படும். 24 மெகாபிக்சல் கேமராவே அதற்குப் போதும். ஆனால் ஓரங்களை வெட்டிச் சட்டகத்தை மாற்றும் சுதந்திரம் வேண்டும் என்பதால்தான் இதைவிடப் பெரிய கோப்புகளைக் கேட்கிறார்கள். திரையில் கண்ணைப் பறிக்கும் தேயிலைப் பச்சை, நான்கு வண்ண அச்சில் சற்று மங்கித்தான் வரும். அதை முன்பே கணக்கில் வைக்கும் ஆர்ட் டைரக்டர், வெயிலில் மின்னும் பச்சையை விடப் பனியில் அடங்கிய பச்சையையே தேர்ந்தெடுப்பார்.

இன்று மடிக்கணினி இருக்கும் இடத்தில் எங்கள் காலத்தில், உடனடியாகப் படம் தரும் போலராய்டு இருந்தது. ஃபிலிமில் எடுக்கும் முன் ஒரு போலராய்டு எடுத்து, அது தெளியும் வரை எல்லோரும் சுற்றி நின்று பார்ப்போம். உதகையிலேயே 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள்களில் தொழில் கற்றவர்கள் என் தலைமுறையில் பலர். நீலகிரிப் பெண் ஒருவர் இன்று இத்தகைய படப்பிடிப்புக்குள் நுழைவதைக் கேட்கும்போது அந்த நினைவு மகிழ்ச்சியோடு வருகிறது.

இப்போது கூடை விவகாரத்துக்கு வருகிறேன். நான் தேயிலைக்கொழுந்து அவர்களின் பக்கம்தான் நிற்கிறேன். உடைகளைக் காட்டும் பக்கங்களில் மாடல் நடிக்கிறார் என்பது வாசகருக்குத் தெரியும். அங்கே எதை வேண்டுமானாலும் அமைக்கலாம். ஆனால் உண்மையான தொழிலாளியை, அவருடைய உண்மையான இடத்தில் காட்டினால், வாசகர் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்வார். அவரைப் பழைய காலத்துக்கு மாற்றி வேடம் கட்ட இதழுக்கு உரிமை இல்லை. கத்தரியோடும் வலைப்பையோடும் நிற்கும் அதே வளைகோடு, வெள்ளி ஓக் விரும்பும் அமைப்பையும் கெடுக்காது. பெயர் சொல்ல விரும்பும் தொழிலாளியின் பெயரும், சால்வையைத் தைத்த பெண்ணின் பெயரும் படக்குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். இதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில் பெயர் தேடினால் கிடைக்காது.

மந்துக்குச் செல்லும் முன் அங்குள்ள பெரியவர்களிடம் நேரில் சென்று பேச வேண்டும். தோடர்கள் எருமைப் பால் சார்ந்த சடங்குகளைச் செய்யும் பால்மடக் கோயிலுக்குள் அதற்குரிய பூசாரி அன்றி யாரும் நுழைவதில்லை. பெண்கள் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கும் அவர்களிடம் முறை உண்டு. அதைப் பின்னணியாக வைத்து மாடலை நிறுத்தலாம் என்ற எண்ணம் குழுவில் எழுந்தால், அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மலைமுகடு எழுதியது:

ஐயா, அக்கா, அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை அவர்களிடம் தொலைபேசியில் பேசினேன். முதல் நாளைக் கோடநாடு, தேயிலைத் தோட்டம் என்ற இரண்டு இடங்களாகக் குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் நாள் மந்தும் பங்களாவும் மட்டுமே. ரயில் நிலையத்தைக் கைவிட்டுவிட்டார்கள். கூடை வேண்டாம் என்ற காரணத்தை ஆர்ட் டைரக்டரிடம் எடுத்துச் சொன்னேன். பறிக்கும் கத்தரியையே நெருக்கத்தில் ஒரு படமாக எடுக்கலாம் என்று அவரே சொன்னார். ஊதியத்தைப் பற்றி மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். நான் எடுக்கும் திரைமறைவுப் படங்கள் யாருக்கு உரியவை என்பதும் இன்னும் தெளிவாகவில்லை.

குன்னூர்ப் பயணி எழுதியது:

நல்ல மாற்றம், சகோதரி. ஊதியம், பேட்டா, விடியலுக்கு முந்தைய வேலைக்கான கூடுதல் தொகை, உங்கள் வண்டியைப் பயன்படுத்தினால் எரிபொருள் செலவு ஆகியவற்றை நீங்களே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளருக்கும் சால்வை தைப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டிய தொகை உங்கள் கைவழியாகப் போகும் என்றால் அதைத் தனியாக, முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். படிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். குழந்தைகள் படத்தில் வந்தால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

படங்களின் உரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்றுக்கொண்டு எடுக்கும் புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துக் கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே திரைமறைவுப் படங்களையும் அவர்கள் கேட்டு, அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தால், எழுதி வைக்காத வரை அவை அவர்களுக்கே போய்ச் சேரும். அவை உங்களுக்கு வேண்டும் என்றால் "பதிப்புரிமை எனக்கு, இதழுக்குப் பயன்பாட்டு உரிமை" என்று ஒரு வரி மின்னஞ்சலில் இருக்க வேண்டும். உரிமையை எழுதிக்கொடுக்கும் நிலை வந்தாலும் காலத்தையும் எல்லையையும் குறிப்பிடச் சொல்லுங்கள். 19ஆம் பிரிவின்படி காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். உரிமை யாரிடம் இருந்தாலும், படத்தை எடுத்தவர் நீங்கள் என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கிறது.

எடுத்த படம் உங்களுடையதே ஆனாலும், இதழ் கடைக்கு வரும் முன் எதையும் வெளியிட வேண்டாம். உடைகளும் அட்டைப்படமும் முன்பே வெளியே தெரிந்துவிட்டால் அவர்களுடைய பல மாத உழைப்பு வீணாகும்; அதன் பிறகு உங்களை யாரும் அழைக்கவும் மாட்டார்கள். வெளியிடும் தேதியையும் அதே மின்னஞ்சலில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடல் உடை மாற்றும் நேரத்திலும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் கேமராவைத் தூக்காதீர்கள். மூடுபனியில் கறுப்புத் துணியைப் பிடித்து நிற்கும் உதவியாளர், மடிக்கணினியைச் சூழ்ந்து நிற்கும் குழு, கீழே வெள்ளைத் துணியை விரிக்கும் கைகள் ஆகியவையே எப்படி வேலை நடந்தது என்பதைக் காட்டும் படங்கள்.

இ-பாஸுக்கு வண்டி எண்களை அவர்களிடம் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். பங்களாவுக்கு என்னிடம் ஓர் இடம் இருக்கிறது. தனிச்செய்தியில் எழுதுங்கள், உரிமையாளரிடம் பேசித் தருகிறேன்.